பின் எக்ஸலும் குர்பான் கிடாயும்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பெண், இரண்டு ஆண். ஆறு பேரும் மணம் முடித்து நன்றாக இருக்கிறார்கள். ஆறு வீட்டிலும் எனக்கென்று ஒரு தலையணை கிடக்கிறது. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. குர்ஆன் தடங்கலில்லாமல் ஓதுவேன். தமிழில் கடைப் பலகையை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் அந்தக் கடையைத் தாண்டிவிடும். ஆகையால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். புத்தகத் தமிழில் எழுது, ஆனால் ஆட்கள் கதைத்ததைக் கதைத்தபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் என் கடைசி மருமகனைப் பார்த்துக் கத்திவிட்டேன் என்று கல்முனையில் ஒரு கதை உலாவுகிறது. நான் கத்தவில்லை. கதைத்தேன். அதுவும் நாலே நாலு சொல். பன்னிரண்டு வருடத்தில் நாலு சொல்.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்போம். பெற்றவர்கள் பின்னறைக்குப் போய்விடுவோம். கடைசி மகள் வீட்டில் எனக்குக் கிடைத்தது ஒரு பின்னறை, அதற்கு வெளியே ஒரு சீமெந்துப் படி, படிக்கு முன்னால் மணல் வளவு. மருமகன் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். நகத்தில் அழுக்குப் படாத மனிதர்.

மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்பது என் உம்மா காலத்து மரியாதை. இப்போது எல்லாரும் விட்டுவிட்டார்கள். மற்ற மூன்று மருமகன்மாரும் என்னோடு எலெக்சன் கதை வரை கதைப்பார்கள். நானும் அதை விட்டுத்தான் இருந்தேன். ஆனால் இந்தக் கடைசி மருமகன் கலியாணத்தன்று திரைக்கு அங்கால் நின்று எனக்குச் சலாம் சொன்னார். ஒரு பிள்ளை இவ்வளவு மரியாதை காட்டும்போது நான் குறைந்து போவேனா? அவர் ஒரு அடி பின்னால் வைத்தால் நான் இரண்டடி வைத்தேன். அப்படியே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

மகள் வீட்டில் இருந்தால் கதை அவள் வழியாகப் போகும். அவள் ஆசிரியை, பின்னேரங்களில் டியூஷனுக்குப் போய்விடுவாள். அப்போது கிடாய் வழியாகப் போகும். ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் அடுத்த வருடம் குர்பான் கொடுத்து அறுக்க ஒரு ஆட்டுக்கிடாய்க் குட்டி வாங்கி, வளவில் ஒரு கட்டையில் கட்டி வளர்ப்போம்.

“கிடாய், மழை இருட்டுது. கொடியில சேட்டு நனையப் போகுது” என்பேன். சேட்டுக்காரர் ஓடி வந்து எடுப்பார்.

“கிடாய், மாமிட பிரஷர் குளிச முடியப் போகுது. நாளைக்கு எடுத்துட்டு வாறன்” என்பார் அவர்.

“நல்லது கிடாய்” என்பேன் நான். கிடாய் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தபடி பலா இலையை மெல்லும். பெருநாளில் கிடாய் குர்பானாகிப் புதுக்குட்டி வரும்வரை ஒரு கிழமை இருவரும் ஊமை. அது எங்களுக்குப் பழகிப்போனது.

இனிக் கார். ரிமோட்டில் ஓடும் கார் என்றால் சின்னப்பிள்ளைச் சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். இது கல் ஏறுகிற கார். ஒரு கொழுத்த தாரா வாத்து அளவு. சில்லுகள் பெரிது, உடம்பு உயரம். முன்னால் ஒரு கல்லை வைத்தால் அதை முகர்ந்து பார்ப்பதுபோல நின்று, பிறகு மெல்ல மெல்ல ஏறும். வேகமே கிடையாது. நான் வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு வளவைக் கடந்து திரும்பி வந்தாலும் அது அந்தக் கல்லிலேயே நிற்கும்.

“கிடாய், இதுக்கு என்ன வருத்தம்?” என்று முதல் நாள் கேட்டேன்.

“கிடாய், இது மெதுவாப் போறதுக்கெண்டே செஞ்ச.”

பெருநாள் மூன்றாம் நாள், பொத்துவில் பக்கத்துக் கடற்கரைப் பாறைகளில் இந்தக் கார்க்காரர்கள் கூடுவார்கள். எல்லாரும் தாடி மீசை வைத்த பிள்ளைகள். முந்தின வருடம் மருமகனும் போனார். முதல் பாறையிலேயே கார் மல்லாந்து விழுந்தது. முன் சில்லு இரண்டையும் தாங்குகிற குறுக்குத் தண்டு, எக்ஸல் என்பார்கள், பிளாஸ்டிக்கானபடியால் முறிந்தது. காரைச் சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி நடந்தார். அதுதான் பிழை. ஒரு சில்லு பேக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே தொங்கியதை எங்கள் ஒழுங்கைத் தெருவில் மீன் விற்கிறவர் கண்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவர் மோட்டார் சைக்கிளை எங்கள் வேலியோரம் நிறுத்தி, “ராத்தா, சூரை இரிக்கி, பாரை இரிக்கி. மருமகனுக்கு என்னத்துல போட்டுத் தர? சொப்பிங் பேக் இரிக்கா?” என்பார். ஊரும் மருமகனுக்குப் ‘பேக் கார்’ என்று பெயர் வைத்தது. என் வீட்டு மருமகனைப் பார்த்துச் சிரித்தால் அது என்னைப் பார்த்துச் சிரித்ததுதான். மூன்று மாதம் அந்த மனிசனிடம் மீன் வாங்காமல் கருவாட்டோடு காலம் கழித்தேன்.

மகள் வேறு ஒரு சட்டம் போட்டாள். “இந்தா பாருங்க, வாற பெருநாளைக்கும் இது நம்மட கேட்டால பேக்குல வந்திச்செண்டா, அண்டைக்கே ஆருக்காச்சும் குடுத்திடணும். சாமான் சக்கட்டு எல்லாத்தையும் சேத்து.” பிறகு என் பக்கம் திரும்பி, “உம்மா, உங்களுக்கும்தான். இந்தக் கார்ட கதையொண்டும் என்ட வாயால போகாது. நான் கொண்டு போக மாட்டன், கொண்டு வரவும் மாட்டன்” என்றாள்.

மருமகன் கோப்பில் கையெழுத்து வைப்பதுபோலத் தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஏனென்றால் அவர் வேலைத்தலமாக எடுத்துக்கொண்டது என்னுடைய சீமெந்துப் படியை. நான் அரிசி புடைக்கிற இடம் அது. ஒருநாள் என் பிட்டுக்குள் ஸ்க்ரூ வந்தது.

பிறகு எக்ஸல் பார்சல்கள் வரத் தொடங்கின. முதலில் பித்தளையில் ஒரு சோடி. நல்ல பாரம், ஆனால் பழையதைவிட இரண்டு விரல் அகலம். கார் திரும்பும்போது சில்லு உடம்பில் உரசிக் கத்தியது. உடம்பை வெட்டினார். அப்போது கார் காது அறுத்த ஆடுபோல ஆனது. அடுத்து வேறு சாதியில், அதாவது வேறு கம்பெனியில், ஒரு சோடி. அது ஒடுக்கம், பிடித்து வைக்கிற தண்டுகளின் துளைகள் அதற்குச் சரிவரவில்லை. துளைகளை அரத்தால் பெருப்பித்தார். கந்தோர்க்காரர் அல்லவா, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஒரு கடித உறையில் போட்டு, உறைமேல் இலக்கம் எழுதி, வரிசையாக அடுக்குவார். காற்றடித்தால் கந்தோர் முழுதும் வளவில் பறக்கும்.

“கிடாய், என்ட தையல் மெஷின் எண்ணெய்ப் போத்தில் நடந்து போயிட்டா?”

“கிடாய், ரெண்டே ரெண்டு சொட்டுத்தான்.”

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். முன்னுக்கு அகலமான பித்தளை எக்ஸல், பின்னுக்கு மற்றச் சாதி. முன்பக்கம் கல்லைப் பற்றிப் பிடிக்குமாம். பின்பக்கம் இடுக்கால் நழுவி வருமாம். இதைக் கிடாய்க்கு ஒரு பின்னேரம் முழுக்க விளங்கப்படுத்தினார். அம்பாறை மாவட்டத்தில் எக்ஸலைப் பற்றி அவ்வளவு தெரிந்த கிடாய் வேறு இருந்திருக்காது.

பெருநாள் வந்தது. முதல் நாள் கிடாய் குர்பானானது. கட்டையும் ஒரு முழக் கயிறும் மிஞ்சின. இரண்டாம் நாள் மகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வரிப்பத்தான்சேனையில் இருக்கிற அவளுடைய தாத்தா, அதாவது என் மூத்த மகள், வீட்டுக்கு இறைச்சி கொண்டு போனாள். வீட்டில் நானும் மருமகனும். விடிந்தால் பாறை.

அவர் காரை மணலில் வைத்து ரிமோட்டை அழுத்தினார். கார் நடுங்கியது, நகரவில்லை. பற்றரியை மாற்றினார். நடுங்கியது. தூக்கிக் கையில் பிடித்து அழுத்தினார். நாலு சில்லும் ஜோராகச் சுற்றின. கீழே வைத்தார், மறுபடி நடுங்கி மணலைத் தோண்டியது. காதில் வயரைச் சொருகிக்கொண்டு, ஃபோனில் ஒரு வெள்ளைக்காரன் சொல்வதைப் பார்க்கத் தொடங்கினார்.

அவர் நின்றுகொண்டு பார்த்தார். நான் நிலத்தோடு பதிந்த படியில் சுளகோடு இருந்து பார்த்தேன். அதுதான் வித்தியாசம். முன் சில்லுகள் மணலைப் பின்னால் எறிந்தன. பின் சில்லுகள் மணலை முன்னால் எறிந்தன. இரண்டு மணலும் காரின் வயிற்றுக்குக் கீழே சந்தித்து, நண்டு வளை வாசலில் கிடக்கிற மாதிரிக் குவிந்தன. முன்னது அக்கரைப்பற்றுக்குப் புறப்படுகிறது, பின்னது மருதமுனைக்குப் புறப்படுகிறது. பிறகு கார் எப்படி நகரும்?

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காவிட்டால் எனக்கு என்ன குறை? நாளைக்குக் கார் பேக்கில் வரும், மகளின் சட்டப்படி வீட்டை விட்டுப் போகும், என் படி எனக்குக் கிடைக்கும், பிட்டு பிட்டாக இருக்கும். பன்னிரண்டு வருட மரியாதையும் அப்படியே நிற்கும். புடைத்து முடித்த அரிசியை இரண்டாந்தரம் புடைத்தேன். மூன்றாந்தரமும் புடைத்தேன். அவருடைய சேட்டு முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

சரி, ஒரு சொல் சொல்லிப் பார்ப்போம் என்று பழக்கத்தில் வளவைப் பார்த்தேன். கிடாய் சட்டியில் கிடந்தது. ஒரு கோழி வந்தது. “கோழி, பின்சில்லப் பாரு” என்றேன். கோழி ஓடிவிட்டது. அவருக்கும் கேட்கவில்லை, காதில் வெள்ளைக்காரன்.

அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம். பெருநாள் இரண்டாம் நாள் எங்கள் ஊரில் யாரும் மீன் வாங்குவதில்லை. எல்லா வீட்டிலும் இறைச்சி. அவர் வந்தது விற்பதற்கல்ல.

“ராத்தா, நாளைக்குப் பொத்துவிலுக்குப் பயணமாமே. பேக்கு இஞ்சயிருந்தே கொண்டு போறயளா, இல்லாட்டி அங்க வாங்கிறயளா?”

மருமகன் காது வயரைக் கழற்றினார். உள்ளே போய், கிழிந்த இடத்தில் டேப் ஒட்டிய அதே சொப்பிங் பேக்கை எடுத்து வந்தார். காரை அதற்குள் வைத்தார். கடித உறைகளையும் இலக்கப்படி அடுக்கி வைத்தார். வேலிக்கு மேலால் நீட்டினார்.

“இந்தாங்க காக்கா. உங்கட புள்ளைகளுக்குக் குடுங்க. விளையாடட்டும்.”

மீன்காரர் கை நீட்டினார். என் வீட்டு மருமகன் தலை குனிந்து வேலிக்கு மேலால் சாமான் கொடுக்கிறார், மீன்காரர் சிரித்துக்கொண்டு வாங்குகிறார். வெறும் கட்டையைப் பார்த்தேன். கிடாயோடு கதைப்பது மரியாதை. கட்டையோடு கதைத்தால், அதுவும் இந்த மனிசனுக்கு முன்னால் கதைத்தால், நாளைக்கு என்னை ஓதிப் பார்க்க ஆள் கூட்டி வந்துவிடுவார்கள்.

முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டேன். எழும்பினேன். சொன்னேன்:

“மருமகன், பின்சில்லு மறுபக்கம் கிறுகுது.”

ஒழுங்கையே நின்றுபோனது. மருமகனின் கையில் பேக் வேலிக்கு மேலே தொங்கியது. மீன்காரருக்கு வாய் மூடவில்லை. மருமகனோடு நான் ஊமை மாமி என்றுதான் அவர் அதுவரை கண்டிருந்தார். மருமகன் மெல்லத் திரும்பினார். என் பக்கமல்ல. ஆட்டுக்கட்டையின் பக்கம்.

“கட்டை,” என்றார். “மாமி சொன்னா அது சரியாத்தான் இரிக்கும்.”

மீன்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார்.

பேக்கைத் திரும்ப எடுத்துப் படியில் வைத்துப் பின் எக்ஸலைத் திறந்தபோது விளங்கியது. அந்தச் சாதிக்காரன் உள்ளே இருக்கிற பெரிய பல்லுச்சக்கரத்தை மற்றப் பக்கத்தில் வைத்துச் செய்திருக்கிறான். முன்னதும் பின்னதும் ஒரே சாதியாக இருந்தால் பிரச்சினை இல்லை. கலந்து போட்டால் ஒன்றுக்கொன்று எதிர்த்துச் சுற்றும். மருமகன் சக்கரத்தை எடுத்து இடம் மாற்றிப் போட்டு, என்னுடைய எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு மூடினார். மணலில் வைத்தார். கார் கேட்டைத் தாண்டி நேரே போய், மீன்காரரின் ரப்பர் செருப்பில் ஏறி, பெருவிரலில் நின்றது.

மூன்றாம் நாள், முந்தின இரவே திரும்பி வந்திருந்த மகளோடு நானும் வேனில் போனேன், கடல் பார்க்கத்தான். முதல் பாறையில் ஏறியது. இரண்டாவதிலும் ஏறியது. மூன்றாவதில் வயிறு தட்டி நின்றுவிட்டது. காரைதீவு ஆசிரியர் ஒருவரின் கார்தான் உச்சிக்குப் போனது. அவர் குனிந்து எங்கள் காரைப் பார்த்து, “முன்னுக்கு ஒண்டும் பின்னுக்கு ஒண்டுமா போட்டிருக்கிறீங்க? நல்லா ஒத்துப் போகுதே” என்றார். மருமகன் கடலைப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் சட்டம் பாறையைப் பற்றியதல்ல, கேட்டைப் பற்றியது. சந்தியில் வேனை நிறுத்தச் சொல்லி, மருமகன் காரைத் தார் ரோட்டில் இறக்கினார். பற்றரி முடிகிற நேரம். கார் போன வேகத்துக்கு நான் இரண்டு இடத்தில் நின்று காத்திருந்தேன். மகள் எங்களைத் தெரியாதவள்போல முன்னால் நடந்தாள். வேலிகளுக்கு மேலால் தலைகள் முளைத்தன. கேட்டடியில் தண்ணீர் வராமல் கட்டிய சீமெந்து மேடு ஒன்று இருக்கிறது. அதில் முன் சில்லு ஏறி நின்றுவிட்டது. மருமகன் ரிமோட்டைக் காதோடு வைத்து அழுத்தினார், ஏதோ கெஞ்சுவதுபோல. நான் பிஸ்மி சொன்னேன். பின் சில்லு, மற்றச் சாதிச் சில்லு, ஒரு உந்து உந்தியது. கார் வளவுக்குள் விழுந்து, அங்கேயே அணைந்தது.

“சரி, சரி. கிடக்கட்டும்” என்றாள் மகள்.

அடுத்த கிழமை புதுக்குட்டி வந்தது. வெள்ளைக் காது; கதையைக் கவனிக்கிற குட்டி. நாங்கள் பழையபடி ஆகிவிட்டோம். படியில் பாதி எனக்கு, பாதி கடித உறைகளுக்கு. மீன்காரரிடம் இப்போதும் பாரை வாங்குகிறேன். அவர்தான் நான் கத்தியதாக ஊரில் சொல்லித் திரிகிறவர். நாலு சொல்லும் மேலே இருக்கின்றன; கத்திய சொல் எது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

“எழுதினது போதும் புள்ள. இப்ப தொடக்கத்துல இருந்து வாசி. கொஞ்சம் சத்தமா வாசி, திரைக்கு அங்கால இரிக்கிற ஆளுக்கும் கேக்கட்டும்.”