ஆவாரங்குச்சிக்குள் அடங்காத வண்டு

காலை ஏழே கால் மணிக்குக் காட்பாடியில் ரயில் ஏறினேன். ஆம்பூர் முப்பத்திரண்டு மைல். மூன்றாம் வகுப்பு ஆறரை அணா. குடியாத்தம் வருவதற்குள் மடியிலிருந்த காலி டப்பா எதற்கென்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். வண்டு பிடிக்க என்றேன். தள்ளி உட்கார்ந்தார்கள். நல்லதாயிற்று, ஜன்னல் கிடைத்தது.

நான் வேலூரில் டிராயிங் வாத்தியார். போன மாதம் ஆம்பூர்த் தோல் ஷாப்பு ஒன்றில், தோல் பதனிடக் குவித்திருந்த ஆவாரம்பட்டை மேல் ஒரு நீளமீசை வண்டு பிடித்தேன். கட்டைவிரல் பருமன், தேன் நிறம், தோளில் இரண்டு முள், உடம்பைப்போல் ஒன்றரை மடங்கு மீசை. புத்தகத்தில் அதற்கு மலபாரும் குடகும்தான் ஊர். சும்மா இருந்தேனா? ‘ஆம்பூர்ப் பக்கத்து ஆவாரஞ்செடித் தண்டுக்குள் புழுவாயிருந்து வளர்கிறது’ என்று, சென்னையில் வண்டுப் பட்டியல் போடும் ஒரு துரைக்கு எழுதிப்போட்டேன். இன்னொன்று பிடித்து, செடியையும் காட்டினால் என் பெயரோடு அச்சிடுவதாகப் பதில் வந்தது. அச்சில் பெயர்! பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று.

ஒன்பது மணிக்கு இறங்கி, இரண்டணா ஜட்காவில் ஷாப்புக்குப் போனேன். பதினொன்றுவரை பட்டையைக் கிளறினேன். மூக்கு எரிந்ததுதான் மிச்சம். மேஸ்திரி காதர் பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஆவாரங்குச்சி என் சுண்டுவிரல் தண்டி. உங்க பூச்சி கட்டைவிரல் தண்டி. எப்டி வாத்தியாரே உள்ள குந்தும்?”

எனக்குச் சுருக்கென்றது. அட, மண்டூகமே! இது தோன்றவில்லையே.

கொட்டகைக்குக் கூட்டிப்போனார். தோலைப் போட்டு மயிர் சீவுவதற்கான புதுக் கட்டைகள் சாத்தியிருந்தன. “மலபார்லேர்ந்து வேகன்ல வந்துச்சு,” என்றார். ஒரு கட்டையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை, கீழே மரத்தூள். பக்கத்து ஓட்டையிலிருந்து இரண்டு மீசைகள் எட்டிப் பார்த்தன. மலபார் மரத்துக்குள் புழுவாக டிக்கெட் இல்லாமல் வந்த பயணி! கால்மணி நேரத்தில் டப்பாவுக்குள் வந்துவிட்டது.

“இன்னாத்துக்குப் பேஜாரு? பட்டை மேலயே புடிச்சேன்னு எழுதிக்குங்க. நான் சொல்லமாட்டேன்,” என்றார் பாய்.

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

“அந்தத் துரை என்னைக்காச்சும் ஆவாரஞ்செடியப் பார்க்கமாட்டாரா, பாய்?”

ஸ்டேஷனில் தபால் கார்டு வாங்கி, ‘நான் எழுதியது தவறு, மலபார் மரத்தில் வந்தது’ என்று எழுதி, மனசு மாறுவதற்குள் பெட்டியில் போட்டேன்.

மூன்றரை மணி வண்டி. டப்பாவுக்குள் வண்டு கழுத்தைத் தேய்த்துக் கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. எதிரே இருந்தவர், “எந்த ஊர்ப் பூச்சிங்க?” என்றார்.

“மலபார். அது ஆம்பூர்னு சொல்லவேயில்லை. சொன்னவன் நான்.”