ஒர்லிண்டா மூன்று முறை பிரித்த பேனல்

ஒர்லிண்டா மாயெஸ்தாஸின் தையல் கொட்டகைக்குள் எதையும் தின்றுகொண்டே நுழைய முடியாது. ஒருமுறை எங்கள் பங்குச்சாமியார் மிளகாய்ப்பொடி தூவிய சோளப்பொரியைக் கொறித்தபடி வந்துவிட்டார். மேசைமேல் வெள்ளை ரெக்சின் விரித்திருந்த நேரம்.

"சாமி, அங்கயே நில்லுங்க. கையக் கழுவிட்டு வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க," என்றாள். அவரும் மறுபேச்சில்லாமல் குழாயடிக்குப் போனார்.

நான் அவள் சித்தி மகள், ஒத்தீலியா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி. அந்த வேலியில் நாங்கள் பேசுவதற்கென்றே ஓர் இடம் வளைந்து கிடந்தது.

எங்கள் ஊர் எஸ்பன்யோலாவில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழைய கார்கள் ஆற்றோரச் சாலையில் வரிசையாக ஊர்ந்து போகும். வயிறு தரையில் உரசுகிற மாதிரி தாழ்த்திய கார்கள். பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்தி, கதவு, டிக்கி எல்லாம் திறந்து வைத்துக் காட்டுவார்கள். பெயிண்ட் அடித்தவன் யார் என்று சொல்லிக் காட்ட வேண்டும். உள்ளே வேலை செய்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கதவுப் பேனலில் ஒரு தடவு தடவிவிட்டு, "ஒர்லிண்டாதானே?" என்பார்கள்.

அவள் இந்த வேலைக்கென்று பிறந்தவள் இல்லை. சிறு வயதில் பக்கத்து நகரம் சாந்தா ஃபேயில் பணக்கார வீடுகளுக்குத் திரைச்சீலை தைக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். அவள் அண்ணன் உபால்தோ ஒரு பழைய காரை வாங்கி வந்தான். கதவின் உட்பக்கம் எலி கடித்துப் பஞ்சு தொங்கியது. "தலகாணிய செவுத்துல அறைஞ்ச மாதிரிதானே இருக்கு, குடு," என்று வாங்கி, மெல்லிய பலகையை வெட்டி, ஸ்பாஞ்சை ஒட்டி, மேலே ரெக்சினை இழுத்துத் தைத்து மாட்டிவிட்டாள். உபால்தோ அதை ஊரெல்லாம் ஓட்டிக் காட்டினான். பிறகு திரைச்சீலைக்கு அவள் திரும்பவே இல்லை.

பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் குடிகாரன். இன்னொருவன் நல்லவன்தான், ஆனால் கொட்டகையைக் காலி செய்துவிட்டுக் கோழி வளர்க்கலாம் என்றான். "கோழியக் கட்டிக்கச் சொல்லு," என்று என்னிடம் சொல்லி அனுப்பினாள். அதன் பிறகு அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள், அவரை அடக்கமும் செய்தாள், ஐம்பது தாண்டினாள். தனியாக இருக்கிறோம் என்று அவள் புலம்பி நான் கேட்டதில்லை.

செலெதோனியோ த்ருஹியோ வந்தது ஒரு மார்ச் மாதம், புழுதிக்காற்று அடிக்கும் பருவத்தில். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். உயரமானவர், பேச்சு குறைவு. அறுபத்து நாலாம் வருடத்து இம்பாலா கார் ஒன்றை ஓட்டி வந்தார். வெளியே பழுத்த திராட்சை நிறத்தில் மின்னியது. உள்ளே வெறும் இரும்பு. இரண்டு சீட்டை மட்டும் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்.

அந்தக் காரை அவரும் அவர் மனைவி வயோலாவும் சேர்ந்துதான் துருவிலிருந்து மீட்டார்கள். இன்ஜின் அவள் பொறுப்பு, தகடும் பெயிண்டும் அவர் பொறுப்பு. பெயிண்ட் காய்வதற்குள் வயோலாவுக்குப் புற்றுநோய் வந்து, அவள் இறந்துபோனாள். இரண்டு வருடம் காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்.

"உள்ள எல்லாம் செய்யணும்ங்க. கதவு, கூரை, டிக்கி. டிக்கியில ரெண்டு பக்கமும் கார ஏத்தி எறக்குற பம்பும் பேட்டரியும் வரும். நடுவுல சாய்வா நிக்கிற பேனல்ல அவ பேர் வரணும். மெத்துன்னு, செவப்பு வெல்வெட்டுல," என்றார்.

ஒர்லிண்டா டிக்கிக்குள் தலையை விட்டு அளந்துகொண்டிருந்தாள். யோசிக்காமல் சொன்னாள்: "செவப்பு வெல்வெட்டா? சவப்பெட்டிக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி இருக்கும்ங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. தலையை வெளியே எடுக்கப் பயந்து அப்படியே நின்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நானும் ஈரத்துணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "அவளும் இதத்தான் சொல்லியிருப்பா. என்ன, ரெண்டு கெட்ட வார்த்தை சேத்து சொல்லியிருப்பா."

வெல்வெட் வேண்டாம் என்று முடிவானது. பால் நிற ரெக்சின், ஓரத்தில் திராட்சை நிற நூல்.

பொதுவாக வாடிக்கையாளர் காரை விட்டுவிட்டுப் போனால் முடிந்ததும்தான் வருவார்கள். நடுவில் வந்தால் ஒர்லிண்டா விரட்டுவாள். செலெதோனியோ காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்துவிடுவார், மாலை டிரிப் வரை இருப்பார். அவரை விரட்டவில்லை. பேனலை ஒருபக்கம் பிடிக்கச் சொன்னாள். அட்டையை வைத்து வளைவு வரையச் சொன்னாள். அவர் வரைந்த வளைவைப் பார்த்து, "பஸ் திருப்புற மாதிரி இவ்வளவு அகலமா திருப்பாதீங்க," என்றாள். அவர் அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்.

மத்தியானம் இரண்டு பேரும் வெளியே பருத்திமர நிழலில் உட்கார்ந்து பீன்ஸும் பச்சைமிளகாய்க் குழம்பும் சாப்பிட்டார்கள். குழம்பு என் வீட்டுடையது. பாத்திரம் திரும்பி வரும்போது எப்போதும் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. அதற்கு முன் அவள் பாதியைத் திருப்பி அனுப்புகிறவள்.

கதவுகள் முடிந்தன. பின்சீட்டுப் பக்கங்கள் முடிந்தன. கூரைத்துணி ஒரு சுருக்கம் இல்லாமல் ஏறியது. டிக்கியின் இரண்டு பக்கப் பேனல்களும் கிளிப் சத்தத்தோடு கச்சிதமாக உட்கார்ந்தன. நடுப்பேனல் மட்டும் முடியாமல் நின்றது.

"போட்டோவுல மூஞ்சி தெரியுது. ஆளு எப்படி?" என்று அவர் கொடுத்த வயோலாவின் போட்டோவைக் காட்டி ஒர்லிண்டா கேட்டாளாம். அவர் அன்றுதான் நிறையப் பேசினார். வயோலா கார்புரேட்டரோடு சண்டை போடுவாள், பாட்டின் வரிகளைத் தப்பாகப் பாடுவாள், திருத்தினால் இன்னும் சத்தமாகப் பாடுவாள், மாமியார் நட்ட ரோஜாவைப் பிடுங்கிவிட்டு வெயிலில் காயாத நெட்டைப் பூச்செடியை வாசலில் வைத்தாள். ஒர்லிண்டா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை எழுத்துக்களை நேராகத் தைத்தாள். கல்லறைக்கல் மாதிரி இருக்கிறது என்று பிரித்தாள். இரண்டாவது தடவை சாய்த்துத் தைத்தாள். சலூன் கடை போர்டு என்று பிரித்தாள். மூன்றாவது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதையும் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் வேலியைத் தாண்டிப் போனேன்.

"அக்கா, இதுல என்ன குத்தம்?"

"நூல் இழுக்குது."

"எங்க இழுக்குது? எனக்குத் தெரியலயே."

"உனக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?"

"எனக்கு வேற ஒண்ணு தெரியுது. சொல்லவா?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"வேல முடிஞ்சா கார எடுத்துட்டுப் போயிருவாருடி," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அது ஒண்ணு. இன்னொண்ணு, அவ பேர நான் தைக்கணும். இந்த நெனப்ப மனசுல வச்சுக்கிட்டு அவ பேர்ல ஊசி குத்தக் கை வரல. அவ என்னைப் பாக்குற மாதிரியே இருக்கு. அவள எனக்குப் பிடிச்சுவேற போச்சு, தெரியுமா? உயிரோட இருந்தா தெனமும் சண்ட போட்டிருப்போம்."

பக்கத்தில் உட்கார்ந்து, பிரித்த நூலைப் பொறுக்கினேன். அவளும் பொறுக்கினாள்.

மறுநாள் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள். வயோலா என்ற எழுத்துக்கள் ஸ்பாஞ்சு வைத்து மெல்ல உப்பி நின்றன. கடைசி எழுத்தின் வாலிலிருந்து அந்த நெட்டைச் செடி கிளம்பி, பேனல் ஓரமாக ஏறிப் பூத்திருந்தது. காற்றில் கொஞ்சம் சாய்ந்த மாதிரி. வயோலாவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் யாரோ சத்தமாகச் சிரிக்கிற பெண் என்று பார்த்ததும் தோன்றியது.

செலெதோனியோ வந்து டிக்கியைத் திறந்தார். தொப்பியைக் கழற்றினார். ஒரு பூவை விரலால் தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நன்றிங்க, ஒர்லிண்டா," என்றார். காரை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் ஒர்லிண்டா இன்னொருவர் லாரி சீட்டை வெட்டி, தலைகீழாகத் தைத்தாள். குழம்புப் பாத்திரம் பாதியோடு திரும்பி வந்தது. ஜூலைத் திருவிழாவில் இம்பாலா ஊர்வலம் போனதாம், கூட்டம் டிக்கியைச் சுற்றி நகரவில்லையாம். அவள் போகவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாது என்றாள். அந்த வெயிலில்தான் பிறந்து வளர்ந்தவள்.

திருவிழா முடிந்த திங்கட்கிழமை அந்தக் கார் மறுபடி வந்து நின்றது. நான் சன்னலில் இருந்தேன். பொய் சொல்வானேன், சன்னலைத் திறந்து வைத்தேன்.

"டிக்கியில சத்தம் வருதுங்க," என்றார் செலெதோனியோ. "குழியில ஏறி எறங்கினா கடகடங்குது."

ஒர்லிண்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் வேலையில் சத்தம் என்று யாரும் சொன்னதில்லை. விறுவிறுவென்று போய் டிக்கியைத் திறந்து, இடதுபக்கப் பேனலை அழுத்திப் பார்த்தாள். இரண்டு கிளிப்பைக் காணோம். குனிந்து, ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு நிதானமாக நிமிர்ந்தாள்.

"இது தானா விழல."

அவர் தரையைப் பார்த்தார்.

"ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பியிருக்கு. இந்தா, பெயிண்ட்ல கீறல் இருக்கு. உங்க பெயிண்ட்தான், உங்களுக்கே வலிக்கலயா?"

"வலிச்சுது," என்றார் அவர். சட்டைப்பையிலிருந்து இரண்டு கிளிப்பையும் எடுத்து நீட்டினார். "சும்மா எப்படி வர்றதுன்னு தெரியல. உள்ள எல்லா வேலையும் முடிச்சுட்டீங்க. கேக்க ஒண்ணுமே மிச்சம் வைக்கல."

ஒர்லிண்டா கிளிப்பை வாங்கி மாட்டினாள். பேனலை ஒரு குத்து விட்டாள், டக்கென்று உட்கார்ந்தது.

"அடுத்த தடவ வரணும்னா சும்மா வா," என்றாள். "பேனல நோண்டாத."

அதுவரை 'நீங்க'தான். அவள் வாயில் வந்த அந்த ஒற்றை 'வா' அவளுக்கே தெரிந்ததோ என்னவோ, அவருக்குத் தெரிந்துவிட்டது. தொப்பியை எடுத்து முன்பின் மாற்றித் தலையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் தினமும் சும்மாதான் வந்தார். ஊர் பேசியது. செத்தவள் பேரை டிக்கியில் வைத்துக்கொண்டு உயிரோடிருப்பவளை முன்சீட்டில் உட்கார வைக்கலாமா என்று கோயில் வாசலில் பெண்கள் கேட்டார்கள். செலெதோனியோ அதைக் கேட்டுச் சங்கடப்பட்டு ஒருநாள், "உனக்குக் கஷ்டமா இருந்தா அந்த நடுப்பேனல எடுத்துரலாமா?" என்றார்.

"தொட்டுப் பாரு, கைய வெட்டிருவேன்," என்றாள் ஒர்லிண்டா. "நான் செஞ்சதுலயே நல்ல வேல அது. அதுவும் இல்லாம, அவ முதல்ல வந்தவ. நான் முன்னாடி உக்காந்தா அவ பின்னாடி இருக்கட்டும். எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல."

அவருடைய மகள் யொலாண்டா அல்புகர்க்கியில் இருந்தாள். முதலில் முறைத்துக்கொண்டு போனும் எடுக்கவில்லை. ஊருக்கு ஒரு துக்கத்துக்கு வந்தவள், அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு தனியாக மலைச்சாலை வரை போய்விட்டு வந்தாள். எங்கே நிறுத்தினாள், டிக்கியைத் திறந்தாளா, யாருக்கும் தெரியாது. திரும்பி வந்து ஒர்லிண்டா வீட்டுக் கதவைத் தட்டி, "எங்கம்மாவப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் இவள். "பாக்காமலே எப்படி..." என்று ஆரம்பித்துவிட்டு அந்தப் பெண் முடிக்கவில்லை. காபி குடித்துவிட்டுத்தான் போனாள்.

மிளகாய் வறுக்கும் பருவத்தில் கல்யாணம். ஊர் முழுக்க அந்தப் புகைவாசம். செலெதோனியோதான் இங்கே குடிவந்தார், கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. மஞ்சள் பஸ் இப்போது என் வேலி ஓரமாகத்தான் நிற்கிறது, காலையில் அது உறுமினால்தான் எனக்கு விடிகிறது.

போன ஞாயிறு இருவரும் என் வாசலைத் தாண்டிப் போனார்கள். கண்ணாடி இறக்கியிருந்தது.

"குழியப் பாத்து ஓட்டு! இது பஸ்ஸா?" என்று ஒர்லிண்டா கத்தினாள்.

"நான் ஓட்டுறேனா, நீ ஓட்டுறியா?" என்றார் அவர்.

வண்டி ஓரம்கட்டி நின்றது. இரண்டு பேரும் இறங்கி இடம் மாறிக்கொண்டார்கள். அவள் ஆக்சிலரேட்டரை மிதித்த மிதியில் புழுதி கிளம்பி, காயப்போட்டிருந்த என் துணியெல்லாம் வீணாயிற்று.