கம்பவுண்டருக்கு ஒரு பெயர்

மாயக்கண்ணன் மாமாவுக்கு எழுபது வயது. அந்த வயதில் அவருக்கு ஒரு பெண் டாக்டர் மேல் பொறாமை வந்தது. அந்த டாக்டர் உயிரோடு இருப்பவரும் அல்ல, ஒரு நாவலில் வருகிறவர்.

காரைக்குடியில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு பேசும். கல்லல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கி, எம்.ஏ.வும் முடித்தவன் நான். அதனால் வட்டத்துக்குச் செயலாளரும் நான்தான். வாசகர்கள் கருத்து எழுதும் நோட்டு என் பொறுப்பில் இருந்தது.

அந்த மாதம் எடுத்த நாவலின் பெயர் 'அலமாரிக் குப்பி'. 1936ஆம் வருஷம், கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் முதலாளி செத்துக் கிடக்கிறார். எல்லோரும் நெஞ்சுவலி என்கிறார்கள். மெட்ராஸில் படித்துவிட்டு வந்த டாக்டர் லோகநாயகி மட்டும் அலமாரியில் இருக்கும் மருந்து பாட்டிலைப் பார்த்துவிட்டுக் கொலை என்கிறார். அந்தக் காலத்தில் தண்ணி மருந்து பாட்டிலில் அளவுக்கோடு கிடையாது. ஒரு தாள் பட்டையின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி, பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டியிருப்பார்கள். ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து. இரண்டு பல் அளவு குறைந்திருக்க வேண்டிய பாட்டிலில் ஐந்து பல் அளவு காலி. அதை வைத்தே முதலாளியின் தம்பி மகனைப் பிடித்துவிடுகிறார் லோகநாயகி.

நோட்டில் கருத்துகள் குவிந்தன. 'லோகநாயகி எங்கள் வீட்டுப் பெண் மாதிரி இருக்கிறார்' என்று புதுவயல் அரிசி ஆலையில் கணக்கெழுதும் காளீஸ்வரி எழுதியிருந்தார். 'சாப்பாடு அதிகம், கொலை குறைவு' என்று ஒருவர். 'கர்ப்பிணிகள் 112ஆம் பக்கத்தைத் தவிர்க்கவும்' என்று இன்னொருவர். அந்தத் தாள் பட்டைக் கண்டுபிடிப்பைப் புகழாதவர் யாருமில்லை.

மாமா நோட்டை முழுக்கப் படித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"மாப்ளே, அந்தத் தாள வெட்டி ஒட்டுறது ஆரு?"

"டாக்டர்தானே மாமா?"

"எம்.ஏ. படிச்சு என்னத்தக் கிழிச்ச? டாக்டருக்குக் கத்தரிக்கோல் எங்குட்டு இருக்குன்னே தெரியாது. கம்பவுண்டர்டா! மருந்தக் கலக்குறவன் அவன், தாள மடிச்சு வெட்டுறவன் அவன், பசை தடவி ஒட்டுறவன் அவன். எத்தன பல்லு கொறஞ்சிருக்குன்னு அவன் கண்ணுக்குத்தான்டா தெரியும்."

"கதையிலதான் கம்பவுண்டர் வர்றாரே."

"வர்றான், நாலு எடத்துல. கதவத் தெறக்க, வெளக்கப் புடிக்க, வண்டி கூப்புட, கும்புடு போட. பேரு இருக்கா அவனுக்கு? அந்த வீட்டு நாய்க்குக்கூட ராணின்னு பேரு வச்சிருக்காக!"

இந்தக் கோபம் நாவலோடு தொடங்கியதல்ல. மாமா பத்தொன்பது வயதில், காரைக்குடியில் டாக்டர் மீனலோசனி நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர்ந்தார். இருபத்தெட்டு வருஷம், அந்த அம்மா கண்ணை மூடும்வரை அங்கேதான் இருந்தார். டாக்டரம்மா எழுதிய கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் மாமாதான். ஆனால் கல்லல் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு மாட்டியிருப்பது டாக்டரம்மா படத்தை. பிறக்கிற பெண் பிள்ளைகளுக்கு வைத்ததும் டாக்டரம்மா பெயரை. எந்த ஊரிலும் ஒரு பையனுக்குக்கூட மாயக்கண்ணன் என்று வைக்கவில்லை. அவ்வளவு ஏன், அவருடைய சொந்த மகளுக்கே அத்தை சின்னத்தாயி பிடிவாதமாக மீனலோசனி என்றுதான் வைத்தார். நாற்பது வருஷமாக மாமா தன் வீட்டு வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் மகளைக் கூப்பிடுகிறார்.

நான் ஒருமுறை அவருக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்து, "அப்ப டாக்டரம்மாவும் பேருக்குத்தான் இருந்தாகளா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"வாயக் கழுவு. அந்தம்மா தெய்வம்." கொஞ்ச தூரம் நடந்தவர் நின்றார். "தெய்வத்துக்குப் பூசை வைக்கிறவனுக்கும் ஊர்ல ஒரு பேரு இருக்குல்ல?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நாவலை எழுதிய அம்மாவே கூட்டத்துக்கு வந்தார். ஐந்து பேர் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். மாமா கட்டாயம் பேச வேண்டும் என்றார். பேராசிரியர்களோடு கம்பவுண்டரா என்று எனக்கே ஒரு தயக்கம். அவரைக் கடைசியில் போட்டேன். முதல் நான்கு பேரும் லோகநாயகியைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் மாமா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். பக்கத்தில் அத்தை முணுமுணுத்தார்: "பொஸ்தகத்துல வர்ற பொம்பளையோடயா சண்டைக்கு நிக்கிறீக? வெளிய தெரிஞ்சா சிரிப்பாக."

மாமா மைக்கைப் பிடித்தார். பேச எழுதி வைத்திருந்த துண்டுத் தாளை மடித்து, சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, நறுக் நறுக்கென்று வெட்டி விரித்துக் காட்டினார். எட்டுப் பல்லும் ஒரே அளவு.

"இத வெட்ட எனக்கு அரை நிமிசம். இத வெட்டுற ஒரு டாக்டர நான் பாத்ததில்ல. கொலையக் கண்டுபிடிச்சது டாக்டருன்னு எழுதியிருக்கீக. சரி. வெட்டுனவனுக்கு ஒரு பேராவது வச்சிருக்கலாம்ல தாயி?"

எழுத்தாளர் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு இது தெரியாம போச்சு ஐயா. ஆனா நீங்க சொல்றபடி பாத்தா, பொய்யான அளவுல ஒரு தாளை வெட்டி மாத்தி ஒட்டவும் கம்பவுண்டரால மட்டும்தானே முடியும்? இதே டாக்டரை வச்சு அடுத்த நாவல் எழுதிக்கிட்டு இருக்கேன். அதுல கம்பவுண்டருக்குக் கட்டாயம் பேர் வைக்கிறேன்." சிரித்தார். "ஆனா கொலைகாரர் அவர்தான். சம்மதமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவின் முகம் சுண்டிப்போனது. எனக்கே எழுந்து போய் மைக்கை வாங்கிவிடலாமா என்றிருந்தது.

"கொலை பண்றவன், கெட்டிக்காரத்தனமாப் பண்ணுவானா?" என்று கேட்டார் மாமா.

"கடைசி அத்தியாயம் வரைக்கும் லோகநாயகியாலயே கண்டுபிடிக்க முடியாது."

மாமா நிமிர்ந்தார். "அப்பச் சரி. மாயக்கண்ணன்னே வச்சிருங்க."

"ஐயையோ, பேரன் பேத்தி இருக்கு!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அரங்கமே எழுந்து கைதட்டியது. காளீஸ்வரி விசிலே அடித்துவிட்டார்.

திரும்பும்போது பேருந்தில் அத்தை எங்களோடு பேசாமல் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்துகொண்டார். மாமா என் காதருகே குனிந்தார்.

"மாப்ளே, உண்மையச் சொல்லு. அந்த லோகநாயகிக்குத் தட்டுனதவிட எனக்குத் தட்டுன சத்தம் கூடத்தானே?"

"ரெண்டும் கிட்டத்தட்ட சமம்தான் மாமா."

கல்லல் வரும்வரை அவர் என்னோடும் பேசவில்லை.