எண்ணெய மாத்தியாச்சு, மக்கா

அன்று காலையில்தான் கிறிஸ்துதாஸ் சாரிடம் போனில் பேசினேன். "எண்ணெய மாத்தியாச்சு மக்கா, நீ கொண்டு வா" என்றார். பனச்சமூட்டில் உள்ள என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டின்னை எடுத்துப் பையில் வைத்து, ஷட்டரை இழுக்கப் போகும்போது மறுபடியும் போன் அடித்தது. அவருடைய மகள் ஜெனி. "ஷீலா மாமி, அப்பா போயிட்டாங்க" என்றாள். "எங்க போனாங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டேனே, பாவி! குளிக்கப் போன மனிதர் வாசற்படியிலேயே சாய்ந்துவிட்டாராம். காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

சாரை அறிந்த உங்களுக்கு அந்தக் கறுப்புக் காரையும் தெரியும். அவரைவிட வயதில் மூத்த கார். அதியன்னூரில் ஒரு தோட்டத்தில் கோழி அடைகாத்துக் கிடந்ததை வாங்கி வந்து, பாறசாலைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரமெல்லாம் அதன் அடியில்தான் கிடந்தார். அடுத்த மாதம் ஜெனிக்குக் கல்யாணம். பெண் அந்தக் காரில்தான் சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

எங்களுக்குள் சண்டை எண்ணெயில்தான். இந்தக் காலத்து என்ஜின் எண்ணெயில் உள்ளே படிந்த அழுக்கைக் கரைக்கும் மருந்து சேர்த்திருக்கும். சாருக்கு அது ஆகாது. மருந்து சேராத, பழைய மாதிரிக் கட்டி எண்ணெய்தான் வேண்டும்.

"கழுகுத எண்ண இதுக்குப் பற்றாது மக்கா. அழுக்கு இளகிப் போயி எண்ண போற துவாரத்த அடச்சுப்போடும். என்ஜின் செத்துப் போவும்."

"அழுக்க உள்ள வச்சிட்டு எத்தன நாளு ஓட்டுவீங்க சாரே? என்ஜினுக்க அடித் தட்டக் கழட்டி ஒருக்கா நல்லாக் கழுகிட்டு, நல்ல எண்ண விடுங்க."

"நீ விக்கப் பாக்குத, அதாக்கும் விஷயம்."

"வாங்காண்டாம், போங்க!"

ஒருநாள் என் கடை முன்னால் பஸ் ஏறி, அது கிளம்பிய பிறகும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கட்டிதான் வேணும், கட்டி!" என்று கத்திக்கொண்டே போனார். கருப்புக்கட்டி கேட்கிறாராக்கும் என்று எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. ஆனால் அன்று காலை, கல்யாண நேரத்தில் எதற்கு வம்பு என்று அவர் கேட்ட கட்டி எண்ணெயைத்தான் எடுத்து வைத்தேன்.

அந்தப் பையோடுதான் சாவு வீட்டுக்குள் நுழைந்தேன். பந்தல் போட இடைஞ்சல் என்று, சாரின் மச்சினர் காரில் ஏறிச் சாவியைப் போட்டுவிட்டார். சாரின் மனைவி புஷ்பம் அக்கா அழுகைக்கு நடுவே, "காலையிலதான்டா எண்ணெய் மாத்திட்டேன்னு சொன்னாரு, எடு தம்பி" என்கிறார்.

எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் ஊரில் மாத்துவது என்றால் அப்புறப்படுத்துவதும்தான். நாற்காலியை மாத்து என்றால், வேறு நாற்காலி போடச் சொல்வதாக யாரும் நினைக்க மாட்டோம். எடுத்து ஓரமாக வைப்போம். மலையாளமும் தமிழும் ஒரே வாயில் புழங்கும் இடம். அக்கா மதுரைக்காரர். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் அந்தச் சொல் அவருக்கு மதுரைச் சொல்லாகவே இருந்துவிட்டது.

"தொடாதீங்க! உள்ள எண்ண கெடயாது! எண்ண என் கையில இருக்கு!" என்று கத்திக்கொண்டு ஓடி பானெட்டின் மேல் விழுந்தேன். சொட்டு எண்ணெய் இல்லாமல் ஓடினால் என்ஜின் உள்ளுக்குள் உரசித் தேய்ந்து இறுகிவிடும். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மச்சினர் மிரண்டுபோய்ச் சாவியை உருவினார். நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளி ஓரம்கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே போய்ச் சாரைப் பார்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. இந்த மனிதர் எப்படிச் சாக முடியும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். நேற்று ஜெனி கூப்பிட்டாள். கட்டி எண்ணெய் டின்னோடு போய் மூடியைத் திறந்தேன்.

"மாமி, அன்னைக்குக் காலையில அப்பா அடித் தட்டக் கழட்டி, மண்ணெண்ண விட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுகினாங்க. பிறகு திரும்பவும் மாட்டினாங்க. ஷீலாகிட்ட சொல்லிராத, அவ தலயில ஏறி இருந்துக்குவான்னு சொல்லிச் சிரிச்சாங்க."

டின்னைத் திரும்ப மூடினேன். அடித் தட்டைக் கழுவினார் என்றால் என் எண்ணெய்க்குச் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். எந்த எண்ணெய் என்று போனில் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் என்னுடையதைத்தான் கொண்டு வருவேன் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்!

கடைக்குத் திரும்பிப் போய் என் எண்ணெயை எடுத்து வந்து ஊற்றினேன். ஜெனி சாவியைத் திருகினாள். முதலில் இருமிய என்ஜின், பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் மேலே ஏறி நின்றது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஜெயம் ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஜெயிச்சிட்டேன் சாரே. வந்து ஒரு வார்த்த எதிர்த்துப் பேசுங்க.