வலை ஆடியது, வளையம் ஆடவில்லை

போன வருடம் மழை விட்டு லேசாகக் குளிர் எட்டிப் பார்க்கத் தொடங்கிய நேரம். எங்கள் ஹைதராபாத்தில் பெண்களுக்கான சர்வதேச கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப் நடந்தது. பல நாடுகளின் தேசிய அணிகள் வந்திருந்தன. நானும் போனேன், ஆடுவதற்கு இல்லை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்னை யார் ஆட விடுவார்கள்? மைதானத்தின் ஓரத்தில் நீளமாக ஒரு மேஜை போட்டுச் சிலர் உட்கார்ந்திருப்பார்களே, அதில் ஒருத்தியாகப் போனேன்.

எனக்கு ரயில்வேயில் வேலை, லாலாகுடாவில். வீடு மாரெட்பள்ளி. தாத்தா காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து வந்த குடும்பம். ஒரு காலத்தில் ரயில்வே அணிக்காக ஓடி ஓடி ஆடியவள்தான். முழங்கால் மக்கர் பண்ணிய பிறகு, ஆட்டத்தை விட மனசில்லாமல் பரீட்சை எழுதி மேஜைக்கு வந்துவிட்டேன். மேஜையில் உட்காருகிறவர்களுக்கு ஒரு எழுதாத சட்டம் உண்டு. கைதட்டக் கூடாது, முகத்தில் சந்தோஷம் துக்கம் எதுவும் தெரியக் கூடாது. சொந்த நாடே ஆடினாலும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் கையில் இருந்தது எறி கடிகாரம். ஓர் அணியின் கைக்குப் பந்து வந்தால் இருபத்து நாலு வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். எறிந்த பந்து வளையத்தில், எங்கள் பேச்சில் ரிங்கில், பட்டுத் திரும்பவும் அதே அணியிடம் வந்தால் நான் ஒரு பொத்தானை அழுத்திக் கடிகாரத்தைப் பதினாலுக்கு மாற்ற வேண்டும். ரிங்கில் படவில்லை என்றால் பொத்தானைத் தொடவே கூடாது. மிச்ச நேரம் ஓடி முடிந்தால் சங்கு ஊதும், பந்து எதிரணிக்குப் போய்விடும். பட்டதா, படவில்லையா? கண் சிமிட்டுவதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் லாலாகுடா மைதானத்தில் இது பெரிய விஷயமே இல்லை. அங்கே ரிங்கெல்லாம் ஓட்டை உடைசல். பந்து உரசினால்கூடக் கடகடவென்று ஊருக்கே கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே பொத்தானை அழுத்திப் பழகியவர்கள் நாங்கள். கண்ணைவிடக் காதைத்தான் நம்புவோம்.

இப்போது மாடி வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அபார்ட்மெண்டில் என் வீட்டுக்கு நேர் மேலே கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று இருக்கிறது. அப்பா, அம்மா இருவரும் ஐ.டி. கம்பெனி. ஒரே பெண், கூடைப்பந்து ஆடுகிறவள். விடிந்தும் விடியாமலும் என் தலைக்கு மேல் டப், டப், டப் என்று பந்தைத் தட்ட ஆரம்பித்துவிடுவாள். நான் ஒட்டடைக் கம்பை எடுத்துச் சீலிங்கில் இடிப்பேன். கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு டப், டப். லிஃப்டில் பார்த்தால் மட்டும் ‘குட் மார்னிங் ஆன்ட்டி’ என்று பூனை மாதிரி நிற்பாள். அவள் இந்தியா அணிக்குத் தேர்வானபோது அவளுடைய அம்மா மைசூர்பாகு கொண்டு வந்து கொடுத்து, “உங்க ஒட்டடைக் கம்புக்கும் இதுல பங்கு இருக்குங்க” என்று சிரித்தார். அந்த அணியிலேயே அவள்தான் சின்னவள்.

ஒரே கட்டடத்தில் இருக்கிறோம் என்று போட்டி அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர் வெளிநாட்டுக்காரர். இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருக்கிறது என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவர் அன்றைக்கு என்னை மாற்றியிருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அன்று மாலை ஆட்டத்தில் ஜெயித்தால் இந்தியாவுக்கு அரையிறுதி. தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஸ்டேடியத்தில் உட்கார இடமில்லை. யாரோ மேளம் வேறு கொண்டு வந்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழவில்லை. முதல் பாதி முழுக்க ரிங்கின் சத்தம் ஒரு தடவைகூட என் காதுக்கு வந்து சேரவில்லை. வேறு வழியில்லாமல் கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஓட்டினேன். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் பயம்.

கடைசி நிமிடம். இந்தியா ஒரே ஒரு புள்ளி பின்னால். மூத்த ஆட்டக்காரி ஒருத்தி ஃபவுல் கணக்கில் வெளியேற, அவள் இடத்தில் மாடி வீட்டுப் பெண் இறங்கினாள். பந்து நம் அணியிடம். கை மாறிக் கை மாறி ஓரத்தில் நின்ற அவளிடம் வந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி மரம் மாதிரி மேலே பாய்ந்து மறைக்க, இவள் எம்பி எறிந்தாள்.

பந்து ரிங்குக்குக் கீழே வந்து வலையில் மோதியது. வலை நன்றாக ஆடியது. நம் அணிப் பெண்ணே கீழே விழுந்த பந்தைப் பாய்ந்து எடுத்தாள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

என் விரல் பொத்தானின் மேல் இருந்தது. வலை ஆடியதைத்தான் பார்த்தேன், ரிங் ஆடவில்லை. அழுத்தவில்லை.

பக்கத்தில் ஆட்டக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பழைய ரயில்வே தோழர். உதட்டை அசைக்காமல், “லகா நா! ரீசெட் கரோ!” என்றார். பட்டது, மாற்று என்று அர்த்தம். நான் அசையவில்லை. களத்தில் நம் பெண்களும் வலை ஆடியதைப் பார்த்துவிட்டு ரிங்கில் பட்டதாகவே நினைத்துக்கொண்டார்கள். நேரம் இருக்கிறது என்ற தைரியத்தில் பந்தை வெளியே எடுத்து நிதானமாக அடுத்த எறிதலுக்குத் தயாரானார்கள். பயிற்சியாளர் கோட்டின் ஓரத்தில் நின்று குதித்துக் குதித்துக் கடிகாரத்தைக் காட்டினார். யார் பார்த்தார்கள்?

சங்கு ஊதியது.

அடுத்த நொடி அத்தனை கோபமும் எங்கள் மேஜையை நோக்கித் திரும்பியது. தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. நம் அணித் தலைவி நடுவரின் முன்னால் போய் நின்று, வலை ஆடியதைக் கையால் ஆட்டி ஆட்டிக் காட்டினாள். நடுவரும் அதிகாரியும் என்னிடம் வந்தார்கள். நடுவரும் ஒரு வெளிநாட்டுப் பெண்தான். அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வீடியோவில் திரும்பப் போட்டுப் பார்க்கிற வசதி அந்தப் போட்டியில் இல்லை. ரிங்கில் பட்டதா என்று கேட்டார்.

மேஜைக்கு அடியில் தோழரின் ஷூ என் காலை மிதித்தது. ‘பட்டது, நான்தான் அழுத்தத் தவறிவிட்டேன்’ என்று சொன்னால் போதும். பந்து நம்மிடமே இருக்கும், நேரமும் கிடைக்கும். எனக்கு ஒரு திட்டு விழும், அவ்வளவுதான். நடுவரின் தோளுக்குப் பின்னால் மாடி வீட்டுப் பெண் தனியாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்று வரை மறக்க முடியவில்லை. என் எதிர்காலம் உங்கள் வாயில் இருக்கிறது ஆன்ட்டி என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“நோ ரிங். ஒன்லி நெட்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தலையை ஆட்டி, கையை ஆட்டித் திரும்பவும் சொன்னேன்.

பந்து எதிரணிக்குப் போனது. இந்தியா தோற்றது.

என்னைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் அந்த எறிதல் எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. யாரோ கூட்டத்திலிருந்து எடுத்த வீடியோ. அதில் வலை ஆடுவது மட்டும்தான் தெரிகிறது, ரிங்கை ஒருவருடைய தலை மறைக்கிறது. எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் சித்தி மகன் அதையே போட்டு, ‘யாருப்பா இந்தக் குருட்டு அம்மா?’ என்று கேட்டிருந்தான். அந்த அம்மா நான்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளியில் பேசியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். உள்ளே ஆரம்பித்த சந்தேகத்தைத்தான் தாங்க முடியவில்லை. நிஜமாகவே படவில்லையா? கண்ணில் நீர் கோத்திருந்ததே, சரியாகப் பார்த்தேனா? வாழ்நாள் முழுக்கக் காதை நம்பியவள், காது கைவிட்ட நாளில் கண்ணை எந்தத் தைரியத்தில் நம்பினேன்? அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ரிங்கும் ஆடுவது போலவே இருந்தது. ஒரு சின்னப் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று சோறு இறங்கவில்லை. தலைக்கு மேலே ஒரு சத்தமும் இல்லை. அவள் அணியோடு முகாமில் இருந்தாள். அந்த டப், டப் இல்லாத காலை எப்படி இருக்கும் என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். கிடைத்தபோது தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் வேலைக்குப் போகும்போது லிஃப்ட் கதவு மூடப் போன நேரத்தில் ஒரு பெரிய பை குறுக்கே விழுந்தது. பின்னாலேயே மாடிப்படியில் ஓடி இறங்கி வந்த அவள். முகாமிலிருந்து திரும்பிவிட்டாள் போலிருக்கிறது. இருவர் நின்றாலே முட்டிக்கொள்கிற லிஃப்ட் அது, ஓடி ஒளிய முடியாது. அன்றைக்கு அவள் குட் மார்னிங் சொல்லவில்லை.

“படலை ஆன்ட்டி,” என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. 

“ரிங்ல படவே இல்ல. கையை விட்டுப் போறப்பவே தெரிஞ்சிடுச்சு, ஷார்ட், எட்டாதுன்னு.”

லிஃப்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “அப்போ ஏன்டி உடனே திரும்ப எறியலை நீங்க?”

“கத்துனேன் ஆன்ட்டி! ‘நோ ரிங், ஷூட்’னு தொண்டை கிழியக் கத்துனேன். அந்த க்ரௌட்ல ஒருத்திக்கும் கேக்கலை.” அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்களுக்காகக் கத்திய கூட்டம், எங்கள் பெண்ணின் குரலையே அமுக்கிவிட்டிருக்கிறது.

மனசில் அடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். “அன்னிக்கு என்னையே பார்த்துட்டு நின்னியே, என்ன நெனச்ச?”

“பட்டுச்சுன்னு நீங்க சொல்லிடணும்னு முருகனை வேண்டிட்டு நின்னேன்.” மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “நீங்க சொல்லலைன்னதும் செம கோபம். பஸ்ல போறப்போதான் தோணுச்சு. சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்போம், ஆனா அது பொய்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியுமே. அப்புறம் தினமும் இந்த லிஃப்ட்ல உங்க மூஞ்சியை நான் எப்படிப் பாக்கறது?”

அவள் தலையில் கையை வைத்தேன். கீழே வந்து கதவு திறந்து, யாரும் இறங்காததால் தானே மூடி, எங்களைத் திரும்ப மேலே கொண்டு போய்விட்டது.

மறுநாள் விடியும் முன்பே தலைக்கு மேல் டப், டப், டப். பழக்கதோஷத்தில் எழுந்து ஒட்டடைக் கம்பைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

இன்றும் ஆபீஸிலோ மேஜையிலோ ‘கொஞ்சம் மாற்றிச் சொன்னால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது’ என்று மனசு இழுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குட்டி லிஃப்ட்தான் ஞாபகம் வருகிறது. அதில் என்னோடு ஏறப் போகிற முகத்தை நேராகப் பார்க்க முடிந்தால் போதும், மற்றதை ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.