ஆரணித் தெருவில் விரித்த பாவும் என் புல்லட்டின் கிளட்சும்

மெக்கானிக் தயாளன் பொய் சொன்னார். தனியாகச் சொல்லவில்லை. வேலூரில் பழைய வண்டி வைத்திருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் பார்க்கச் சொன்னார்: "டீச்சர் வண்டில ஒண்ணும் இல்ல. கிளட்ச் புடிக்க கைல பலம் வேணும். பொம்பள கைக்கு ஆவாது. வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கிக்கட்டும்." கீழே வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள்.

நான் உடற்கல்வி ஆசிரியை. வயது ஐம்பத்தொன்று. கல்லூரியில் குண்டு எறிந்தவள். அப்படிப்பட்ட நானே அதை நம்பினேன். அதுதான் இன்னும் எரிகிறது. என் வண்டி 1978 மாடல் புல்லட். என் சம்பளத்தில் வாங்கி, பதினேழு வருடமாக நான் மட்டுமே ஓட்டுகிறேன். ஆறு மாதத்துக்கு முன் தயாளனிடம் கொடுத்து ஹெட்லைட்டையும் கிளட்ச் கேபிளையும் மாற்றினேன். அதற்குப் பிறகு கிளட்ச் லீவர் கல் மாதிரி ஆனது. பிளேட்டை மாற்றினார். சரியாகவில்லை. அப்புறம்தான் என் கைமேல் பழியைப் போட்டார். இரண்டு டாக்டரிடம் கையைக் காட்டிவிட்டு, சரி, வயசாகிவிட்டது என்று வண்டியை விற்க முடிவு செய்தேன். வாங்குகிறவர் ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தப் போகிறாராம்.

காலை 5.50, வேலூர் சத்துவாச்சாரியில் என் வீடு. வண்டியை ஒப்படைத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்புவதாகத் திட்டம். பஸ்ஸுக்குச் சில்லறை வரை எடுத்து வைத்துக்கொண்டேன். பழைய புல்லட்டில் காலையில் பிளேட்டுகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும். லீவரைப் பிடித்துக்கொண்டு நாலு முறை கிக்கரை மிதித்தால்தான் பிரியும். அன்று லீவரைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது.

6.40, கண்ணமங்கலம், 25 கிலோமீட்டர். டீ 12 ரூபாய், வடை 8 ரூபாய். வடை நன்றாக இருந்தது, இன்னொன்று சாப்பிட்டேன். ஊரைத் தாண்டி ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். நியூட்ரல் விழவில்லை. லீவரை எவ்வளவு அழுத்தினாலும் கிளட்ச் முழுதாக விடவில்லை, வண்டி முன்னால் இழுத்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் இன்ஜினை அணைத்தேன்.

பக்கத்தில் பால் கேன் கட்டிய மொபெட்டில் ஒருவர் குனிந்து பார்த்தார். "இன்னாக்கா, வண்டி கோச்சிகினு நிக்குதா?"

"என்மேல இல்ல, மெக்கானிக்மேல" என்றேன்.

"அப்ப அவன் வூட்டாண்ட போய் நிக்கச் சொல்லுங்க!"

கேட் திறக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

7.30, ஆரணி, 43 கிலோமீட்டர். பட்டுக்கடைக்காரர் கடையோடு சேர்ந்த தன் வீட்டுக்கு வழி அனுப்பியிருந்தார். போன் காட்டிய வழியில் ஒரு நெசவுத் தெருவுக்குள் திரும்பினேன். பாதித் தெரு போனதும் எதிரே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பளபளத்தது. பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் நீளவாக்குப் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து சரிசெய்வார்கள். குறுக்கே கழிகள், இரண்டு பக்கமும் ஆட்கள். நான் லீவரைப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. பிரேக்கை மிதித்தேன். ஒரு முழம் பாக்கி இருக்கும்போது இன்ஜின் உதறி அணைந்தது.

"ஐயோ! கண்ணு இன்னா பொடரிலயா கீது?" பாவின் தலைமாட்டில் நின்ற பெண் கத்தினாள். பெயர் மல்லிகா என்று பிறகு தெரிந்தது. அவர்கள் வீட்டுப் பாவு அது. "ஸ்டார்ட் கீர்ட் பண்ணிடாதீங்க! பொகை பட்டா பட்டு போச்சு!"

தவறு என்னுடையது, மன்னிப்புக் கேட்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போகலாம் என்று பார்த்தால், பின்னால் இன்னொரு வீட்டுக்காரர்கள் பச்சைப் பாவு ஒன்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போகட்டும் என்றுதான் காத்திருந்தார்களாம். முன்னாலும் பட்டு, பின்னாலும் பட்டு.

"எப்ப எடுப்பீங்க?"

"பத்து மணி ஆவும். உக்காருங்க, ஜல்திலாம் இங்க நடக்காது."

நாற்காலி வந்தது. காபி வந்தது. ஏன் வண்டி நிற்கவில்லை என்று கேட்டார்கள். தயாளன் சொன்னதை அப்படியே சொன்னேன், மஞ்சள் மூஞ்சி உட்பட. மல்லிகா எழுந்து வந்து லீவரை ஒரு கையால் பிடித்தாள். நாளெல்லாம் தறியில் இழையை நெருக்கப் பலகை அடிக்கிற கை. லீவர் பாதி வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் முயன்றாள். பாவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். முடியவில்லை. மல்லிகா தன் கணவரைக் கூப்பிட்டாள்.

"யோவ், நீ வா. நீ ஆம்பளதான?"

சேகர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு கையால் பிடித்தார். முகம் சிவந்தது. பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டாவது கையையும் சேர்த்தார். தெருவே பார்த்தது.

"ஆம்பள கைக்கும் ஆவலயே!" என்று பச்சைப் பாவுப் பக்கத்திலிருந்து ஒரு குரல். சிரித்த சிரிப்பில் பாவே ஆடியது.

சேகர் வீடு வீடாகப் போய் ஜக்கார்டு பெட்டி சரிசெய்கிறவர். புடவையில் மயில், மாங்காய் எல்லாம் விழுவதற்குத் தறிக்கு மேலே இருக்கும் பெட்டி அது. அதிலிருந்து நூற்றுக்கணக்கான கயிறுகள் கீழே தொங்கும். "எனக்கு கிளட்ச் இன்னான்னே தெரியாதுங்க. நான் ஓட்டறது மொபெட்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "ஆனா கயிறு தெரியும். ஒரு கயிறு மக்கர் பண்ணா நாங்க பெட்டிய தொடமாட்டோம். மொதல்ல பெட்டியாண்ட கொக்கிய கழட்டிட்டு வெறும் கயித்த இழுத்துப் பாப்போம். அப்பவும் டைட்டா இருந்தா கோளாறு கயித்துல. லூசா வந்தா பெட்டில."

எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாக இதை யாருமே செய்யவில்லை. நானும்தான்.

என் டூல்ஸ் பையை எடுத்தேன். கியர்பாக்ஸின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன மூடி, இரண்டு ஸ்குரூ. கழற்றினால் கேபிளின் கீழ்முனை தெரியும். அதை விடுவித்தேன். இப்போது கேபிளுக்கும் கிளட்சுக்கும் சம்பந்தமே இல்லை. லீவரைப் பிடித்தேன்.

கல். அப்படியே கல்.

"அவ்ளோதாங்க" என்றார் சேகர். "ஒங்க கையும் நல்லாதான் கீது, கிளட்ச்சும் நல்லாதான் கீது."

கேபிள் போகும் வழியை விரலால் தடவிக்கொண்டே போனார். ஹெட்லைட்டுக்குப் பின்னால் விரல் நின்றது. புதிய ஹெட்லைட்டின் தகட்டுக்கு அந்தப் பக்கமாகக் கேபிளை நுழைத்து, வயர்களோடு சேர்த்து, கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தது. கேபிள் அங்கே முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. மடங்கிய இடத்திலேயே இழுப்பு எல்லாம் செத்துப்போக, கிளட்சுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் லீவர் இறுகியது, அதனால்தான் வண்டி நிற்காமல் இழுத்தது.

"இப்டி கட்டினா எங்க தறில மயிலு வாத்தாயிடும்!" என்றார்.

பட்டையை வெட்டினேன். லீவர் பாதி இளகியது. மீதிக் குற்றம் கேபிளுக்கு உள்ளே. கேபிளை உருவி, தெருக்கோடிச் சாக்கடை ஓரமாக எடுத்துப் போனோம். பாவுக்குப் பக்கத்தில் எண்ணெய் எடுத்தால் கையை ஒடிப்பேன் என்று மல்லிகா சொல்லியிருந்தாள். செங்குத்தாகப் பிடித்து, காகிதக் கூம்பு வழியே மண்ணெண்ணெய் விட்டோம். கீழே கறுப்பாகக் களி மாதிரி வந்தது. யாரோ கெட்டி கிரீஸை உள்ளே அடைத்திருக்கிறார்கள், அதில் ஆறு மாதத் தூசி. தண்ணீர் மாதிரி தெளிந்து வரும்வரை விட்டு, பிறகு தையல் மெஷின் எண்ணெய் விட்டோம்.

மாட்டும்போது சேகர் ஒரு தவறு செய்தார். ஜக்கார்டு கயிறு மாதிரியே கேபிளை நேராக, விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டார். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பிக் காட்டினேன். கேபிள் தானாகவே இழுபட்டது.

"திருப்பத்துல கிளட்ச் தானா புடிச்சிக்கும். அப்ப நான் சாலைல படுத்துக்கணும்."

"அட! எங்க தறி திரும்பாதுங்களே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அகலமான வளைவாக விட்டு, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, லீவரில் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவு லூஸ் வைத்தேன். வேலைக்குப் பணம் நீட்டினேன். அவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பாவு சுருட்டப் போய்விட்டார்.

10.05. தெரு திறந்தது. கிக்கரை மிதித்தேன். இரண்டு விரல். இரண்டே விரலால் லீவர் வந்தது. முதல் கியர் போட்டேன். வண்டி அசையாமல் நின்றது, வகுப்பு முழுக்க ஆட்டம் போட்டுவிட்டு ஹெட்மாஸ்டரைப் பார்த்த பையன் மாதிரி. மல்லிகா பாவுக் கழியோடு நின்று, "போய்கினே இருங்க டீச்சர், மறுபடியும் இங்க மட்டும் வராதீங்க!" என்றாள்.

10.20. பட்டுக்கடைக்காரரின் கடை வாசலில் கண்ணாடிப் பெட்டி தயாராக இருந்தது, உள்ளே விளக்கு வேறு. வண்டி விற்பனைக்கு இல்லை என்றேன்.

"ரெண்டரை மணி நேரம் லேட்டா வந்து இதச் சொல்றீங்களே, பேஜாரா போச்சு" என்று தலையில் கைவைத்தார். பிறகு லீவரை அவரே பிடித்துப் பார்த்தார். "இத நானும் விக்கமாட்டேன்" என்று சொல்லி இட்லி போடச் சொன்னார். நல்ல மனிதர்.

வீட்டுக்குத் திரும்பும் வழி வடக்கே. நான் கிழக்கே திரும்பினேன். பெரணமல்லூர் வழியாக வந்தவாசி. அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. வழியில் வேகத்தடை வந்தால் சந்தோஷமாக இருந்தது, கிளட்ச் பிடிக்கலாமே என்று. வந்தவாசியில் 90 ரூபாய்க்குச் சாப்பாடு. பஸ்ஸுக்கு எடுத்து வைத்த சில்லறை அதற்குப் போயிற்று. சாயங்காலம் சத்துவாச்சாரி சிக்னலில் வழக்கமாகக் கை மரத்துப்போகும் இடத்தில் முழு சிவப்பு விளக்குக்கும் லீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன், வேண்டுமென்றே. இறங்கிப் பார்த்தால் கை அது பாட்டுக்கு இருந்தது. வேலூரில் பழைய வண்டி பார்க்கத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்தேன். மொபெட் ஓட்டுகிற ஆரணிக்காரர் முதலில் கொக்கியைக் கழற்றச் சொன்னார். இங்கே முதலில் ஆளைக் கழற்றிவிடுகிறார்கள்.

தயாளன், வெட்டிய பட்டையின் படத்தைக் குழுவில் போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டீர்கள், நீல டிக் விழுந்திருக்கிறது. தனியாகப் போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். எங்கே சொன்னீர்களோ அங்கேயே, யார் யார் சிரித்தார்களோ அத்தனை பேர் முன்னாலும் பதில் எழுதுங்கள்: அந்தப் பட்டையைக் கட்டியது என் கையா, உங்கள் கையா?