வேலூர்ப் பக்கம்

அக்கா வேலூரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போன வருஷம்தான் எங்கள் வீட்டுக்குச் செய்தித்தாள் வர ஆரம்பித்தது. ஜீப்காரர் திருப்பத்தூரிலிருந்து வாங்கி வருவார். எங்கள் மலைக்கு வந்து சேர மதியமாகிவிடும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்த நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

நாட்டு நடப்பு, சினிமா எதுவும் அம்மாவுக்கு வேண்டாம். வேலூர்ச் செய்தி வரும் பக்கம் போதும். அதில் தினமும் யாராவது ஒரு பெண்ணின் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் வராத தெருக்காரர்கள் காலிக் குடங்களோடு மறியல் செய்தார்கள். வேலூரில் எல்லோரும் ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் காலிக் குடத்தோடுதான் நடப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அக்காவுக்குச் சங்கிலி இல்லாதது எனக்குப் பெரிய நிம்மதி.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கரண்ட் போய், செல்போன் டவரும் செத்துப்போனது. பாதையில் மண் சரிந்து ஜீப்பும் நின்றுவிட்டது. மண்ணை அள்ளி வழி விட்ட அன்று பேப்பர் வந்தது. வேலூர்ப் பக்கத்தின் முதல் செய்தியை வாசித்தேன். செவ்வாய்க்கிழமை இரவு பெய்த மழையில் பெண்கள் விடுதி ஒன்றின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பலத்த காயம். பெயர் போடவில்லை. தெருப் பெயர் போட்டிருந்தது. அக்கா தங்கியிருந்த தெரு.

அம்மா போதும் என்று கையைக் காட்டினாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார். இன்னும் ஏதாவது எழுதியிருக்குமோ என்று நான் கீழே பார்த்தேன். அங்கே ஒரு புகைப்படம். முழங்கால் அளவு தண்ணீரில் ஜனங்கள் நடந்து போகிறார்கள். நடுவில், செருப்பைக் கையில் பிடித்தபடி அக்கா. சிரித்துக்கொண்டிருந்தாள்.

படத்தை அவர்களிடம் காட்டினேன்.

“எப்ப எடுத்ததுன்னு போட்டுருக்குது?” என்றார் அப்பா.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். புதன்கிழமை காலை.

“இன்னொருவாட்டி படி.”

படித்தேன். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அடிபட்ட பெண்ணும் நல்லபடியாக எழுந்துவிட வேண்டும் என்று கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். ‘தெருக்களில் வெள்ளம், பொதுமக்கள் கடும் அவதி’ என்பது படத்தின் தலைப்பு. அவதிப்படும் மகளைப் பார்த்து அத்தனை சந்தோஷப்பட்ட வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

டீ குடித்த பிறகு அம்மா பேப்பரை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

“கொடை மொத்தமும் இவ தலைமேலதான் இருக்குது. புடிச்சிருக்கிற புள்ள நனையறான். அது யாருன்னு போட்டுருக்குதா?”

“பொதுமக்கள்னு போட்டுருக்குதும்மா.”

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவுக்குத் திடீரென்று மாட்டுக்கொட்டகையில் ஏதோ வேலை வந்துவிட்டது. பொதுமக்கள் என்று அவ்வளவு தெளிவாக அச்சடித்திருந்தும், பேர் இருக்கிறதா, ஊர் இருக்கிறதா என்று அம்மா ஏன் பொழுது சாயும்வரை என்னைப் படிக்கச் சொன்னாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.